மாரிக்கு நாண் கழற்றுவது

ஒன்ராறியோவில் மான் வேட்டைக்கு வில்லை வெளியே எடுக்கிற மாதம் ஒக்டோபர். யாழ்ப்பாணத்தில் நான் வில்லின் நாணைக் கழற்றி உள்ளே வைக்கிற மாதமும் அதே ஒக்டோபர்தான். அங்கே மேப்பிள் இலை சிவக்கிற நேரம் இங்கே வானம் கறுக்கத் தொடங்கும். வாடை திரும்பிவிட்டது என்று கடற்கரைப் பக்கம் பேச்சு வந்தால், தை பிறக்கும்வரை என் வில்லுக்கு ஓய்வு.

நீண்ட காலம் கனடாவில் இருந்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தவன் நான். வீடு தொண்டைமானாற்றில், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் நீரேரி. அங்கே இருந்த காலத்தில் மான் வேட்டைக்கு வில்லோடுதான் போவேன். துவக்கில் எனக்கு ஒருநாளும் மனம் போனதில்லை. திரும்பி வரும்போது உரிய அனுமதி எடுத்து வில்லையும் கொண்டுவந்தேன். இங்கே வேட்டைக்கு இடமில்லை. 1937ஆம் ஆண்டு வந்த விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் மானையும் மரையையும் காக்கிறது. நல்ல சட்டம். வன்னிக் காட்டில் மிஞ்சி நிற்பவை நிற்கட்டும். என் வில் இப்போது எங்கள் வளவுக்குள்ளேயே, உரச் சாக்கில் பழந்துணி அடைத்துக் கட்டிய இலக்கை நோக்கித்தான் எய்கிறது. இலக்குக்குப் பின்னால் மண்மேடு, அதற்குப் பின்னால் மதில்.

"வேட்டைக்குப் போறேல்லை எண்டால் பிறகேன் அண்ணை இதுக்கு இவ்வளவு பாடு?" என்று பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன் கேட்டான். வில் பாவனையில் இருக்கும்போது கெடுவது குறைவு. கையில் எடுக்கிறவன் தினமும் அதைப் பார்க்கிறான், துடைக்கிறான், ஏதாவது பிசகினால் நாணின் சத்தத்திலேயே தெரிந்துகொள்கிறான். எடுக்காமல் வைக்கிற மாதங்களில்தான் மரம் முறுகும், நாண் நைந்துபோகும், இரும்பு கறள் பிடிக்கும். ஒரு வில்லின் ஆயுளைத் தீர்மானிப்பது அது சும்மா கிடக்கிற காலம். இதை அவனுக்குச் சொன்னேன். சொல்லிக்கொண்டு போகும்போது விரிவாக எழுதிவைக்கலாமே என்று தோன்றியது. ஏனென்றால் வில்லைப் பருவம் முடிந்து எப்படி வைப்பது என்று கிடைக்கிற அறிவுரை பெரும்பாலும் குளிர்நாட்டுக்காரர் குளிர்நாட்டுக்காக எழுதியது. அதை அப்படியே தொண்டைமானாற்றில் கடைப்பிடித்தால் பல இடங்களில் தலைகீழாக முடியும்.

காரணம் காற்று. ஒன்ராறியோவில் வேட்டைப் பருவம் முடிந்து வில்லை உள்ளே வைக்கிற ஜனவரியில் வீட்டுக்குள் ஹீற்றர் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியே உறைந்த காற்றில் ஈரம் மிகக் குறைவு. அதை உள்ளே இழுத்துச் சூடாக்கும்போது சார் ஈரப்பதன், அதாவது அந்தச் சூட்டில் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் உண்மையில் இருக்கிற பங்கு, 30 வீதத்துக்குக் கீழே இறங்குவது சாதாரணம். உதடு வெடிக்கும், கதவுக்கும் நிலைக்கும் நடுவே இடைவெளி விழும். அந்தக் காற்றில் கிடக்கிற மரம் மெல்ல மெல்லத் தன் எடையில் 6 வீதம் அளவுக்குத்தான் நீர் வைத்திருக்கும். ஆகவே அங்கே பயம், மரம் காய்ந்து நொறுங்குவது. "ஹீற்றர் துவாரத்துக்குப் பக்கத்தில் வைக்காதே, அறையில் கொஞ்சம் ஈரம் விடு" என்பதுதான் அங்கே முதற்பாடம்.

யாழ்ப்பாணத்து மாரியில் சார் ஈரப்பதன் 80 வீதத்தைச் சுற்றி நிற்கும். இரவில் அதற்கும் மேலே போகும். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபருக்கும் டிசம்பருக்கும் நடுவில்தான் கொட்டுகிறது. 2008 நவம்பரில் நிஷா புயல் வந்தபோது குடாநாடு எப்படிக் கிடந்தது என்பதை அன்று இங்கே இருந்தவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். 80 வீத ஈரக் காற்றில் அதே மரம் 16 வீதம்வரை நீர் ஏற்றிக்கொள்ளும். ஒரே வில், ஒரே மரம், ஆனால் உள்ளே இருக்கிற நீர் இரண்டரை மடங்கு. மர வில்லுக்கு ஏற்றது 8 முதல் 10 வீதம். அங்கே அதற்குக் கீழே போகிறது, இங்கே மேலே. நீர் குறைந்த மரம் இழுக்கும்போது முறியும். நீர் கூடிய மரம் முறியாது, சோர்ந்துபோகும். நாணைக் கழற்றினாலும் வளைந்தபடியே நிற்கும், நிமிராது. அப்படிச் சோர்ந்த வில் அம்பைத் தள்ளுகிற வேகத்தை இழந்துவிடும்.

என்னிடம் இரண்டு வில் இருக்கின்றன. ஒன்று, கழற்றிப் பூட்டக்கூடிய ரீகர்வ், அதாவது நுனிகள் முன்பக்கம் திரும்பி வளைந்த வில். மேலும் கீழும் வளைகிற லிம்ப் இரண்டும் மேப்பிள் மரத் தகட்டின் இருபுறமும் கண்ணாடி நார் ஒட்டியவை. இழுவை, அதாவது நாணை முழுதாக இழுக்க வேண்டிய விசை, 45 இறாத்தல். ஒன்ராறியோவில் மானுக்கு வில் எடுப்பதென்றால் இழுவை 18 கிலோ, அதாவது ஏறக்குறைய 40 இறாத்தலாவது இருக்க வேண்டும் என்பது விதி; அதனால் வாங்கியது. மற்றது ஹிக்கரி மரத்தில் ஒரே துண்டாகச் செதுக்கிய நீள வில். வேட்டைக்கு நான் அதிகம் கொண்டுபோனது இதைத்தான். கையில் எடுத்தால் இருப்பதே தெரியாது, அவ்வளவு பாரமின்மை.

ரீகர்வுக்கு யாழ்ப்பாணம் பெரிய தொல்லை கொடுக்கவில்லை. கண்ணாடி நார் மரத்தை மூடிக் காக்கிறது. ஹிக்கரிதான் தவித்தது. ஹிக்கரி வலிய மரம், இழுத்தால் எளிதில் முறியாது, ஆனால் காற்றிலுள்ள ஈரத்தை ஆவலோடு குடிக்கும். வறண்ட காற்றில் மற்ற மரங்கள் வெடிக்கிற நிலையிலும் அது நன்றாக வேலை செய்யும். ஈரக் காற்றில் மற்ற மரங்களுக்கு முன்னால் சோர்ந்துவிடும். ஊருக்கு வந்த முதல் மாரி முடிந்து நாண் பூட்டியபோதே கை சொல்லிவிட்டது. இழுவை மென்மையாக இருந்தது. அம்பு இலக்கின் கீழ்ப்புறத்தில் போய்க் குத்தியது. நாணைக் கழற்றித் தரையில் வைத்துப் பார்த்தால், முன்பு நேராகக் கிடந்த வில்லில் கண்ணுக்குத் தெரிகிற வளைவு.

இதற்கு நான் கண்ட வழி மின்குமிழ் வைத்த அலுமாரி. அந்தக் காலத்து ஸ்ரூடியோக்காரர் கமரா லென்ஸில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கக் குமிழ் எரியவிட்ட பெட்டிக்குள் வைப்பார்கள். அதே முறைதான். காற்றைக் கொஞ்சம் சூடாக்கினால் அதன் சார் ஈரப்பதன் தானாக இறங்கும். 28 பாகையில் 85 வீதம் ஈரப்பதன் உள்ள காற்றை 35 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதன் 57 வீதம் அளவுக்கு வந்துவிடும். அந்தக் காற்றில் மரம் 10 வீத நீரில் போய் நிற்கும். நமக்கு வேண்டியது இவ்வளவுதான். உயரமான பழைய உடுப்பு அலுமாரி ஒன்றை எடுத்து, அடியில் 40 வாற்ஸ் இழைக் குமிழ் ஒன்றைத் தகர மூடிக்குள் பொருத்தினேன். எல்இடி குமிழ் சரிவராது; அது வெளிச்சம் தரும், சூடு தராது. குமிழுக்குப் பக்கத்தில் துணி, கடதாசி எதுவும் இருக்கக் கூடாது. காற்று உள்ளே வரக் கீழே இரண்டு துளை, வெளியே போக மேலே இரண்டு துளை. ஹிக்கரியை இரண்டு மர ஆப்பின்மேல் படுக்கையாக வைப்பதற்கு அலுமாரி அகலம் போதாது. அதனால் அது மட்டும், குமிழுக்கு நேர் மேலே வராமல் தள்ளி, மேல்நுனியில் கட்டிய பருத்திக் கயிற்றில் தொங்குகிறது. நாண் இல்லாத வில்லைத் தொங்கவிடுவதால் கெடுதல் இல்லை. உள்ளே ஓர் ஈரமானி. முள் 55க்கும் 60க்கும் நடுவில் நின்றால் சரி. 45க்குக் கீழே இறங்கினால் குமிழை அணைத்துவிடுவேன். இந்த ஊரில் இருந்துகொண்டு வில்லைக் கனடா அளவுக்குக் காயவைக்கவும் கூடாது.

ஹிக்கரி முழுமையாகப் பழைய நிலைக்கு வரவில்லை. ஒருமுறை விழுந்த வளைவு போவதில்லை. ஆனால் மேலும் வளையாமல் நின்றது; இழுவையில் பெரும்பகுதி திரும்பிவந்தது.

நாணைக் கழற்றுவது பற்றி என்னிடம் அழுத்தமாகச் சொன்னவர் வில்லாளி இல்லை, வல்வெட்டித்துறையில் பட்டம் கட்டுகிற ஒரு பெரியவர். தைப்பொங்கலன்று அங்கே கடற்கரையில் நடக்கிற பட்டப் போட்டியைப் பார்த்தவர்களுக்கு விண் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்கு: பட்டத்தின் தலையில் பூட்டுகிற சின்ன வில் அது. கமுகஞ் சிலாகையையோ மூங்கிலையோ சீவி வளைத்து, நாருக்குப் பதிலாக இப்போது பிளாஸ்ரிக் நாடாவை இழுத்துக் கட்டுவார்கள். காற்றில் நாடா அதிர்ந்து இரவு முழுக்கக் கூவும். என் வில்லைப் பார்க்க ஒருநாள் வந்தவர், நாண் பூட்டியபடி அது சுவரில் இருந்ததைக் கண்டு, "தம்பி, இழுத்துக் கட்டினபடியே விட்டால் சிலாகை செத்துப்போகும். பட்டம் இறக்கின கையோட நான் விண்ணைத் தளர்த்திப்போடுவன்" என்றார். அது ரீகர்வ்; அன்று மாலை எய்வதற்காகப் பூட்டிவைத்திருந்தேன். கண்ணாடி நார் ஒட்டிய லிம்ப் சில நாள் பூட்டியபடி இருந்தாலும் தாங்கும். ஆனால் அவர் சொன்னது முழு மர வில்லுக்கு அட்சரம் பிசகாத உண்மை. மரத்தின் உட்பக்க நார்கள் நசுங்கி நிற்பதும் வெளிப்பக்க நார்கள் இழுபட்டு நிற்பதும் நாண் பூட்டியிருக்கும் வரை ஓயாது. ஈரம் ஏறிய மரத்தில் நசுங்கின நார் எழும்பாது. குடாநாட்டில் வளைந்த மரத்தோடும் இழுத்த நாணோடும் வருடா வருடம் வாழ்கிறவர்கள் பட்டக்காரர்தான். அவர்களிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பது? சிலாகை வெட்டுவதற்கு எந்த மாதம் நல்லது, எவ்வளவு நாள் நிழலில் காயவிடுவது என்றெல்லாம் அவரிடம் கேட்டுக்கொண்டேன். அது தனியாக எழுத வேண்டிய கதை.

நாணைக் கழற்றுவதற்கும் பூட்டுவதற்கும் ஸ்ட்ரிங்கர் கயிறு கட்டாயம். வில்லைக் காலுக்கிடையில் கொடுத்து வளைத்துப் பூட்டுவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். ரீகர்வின் வளைந்த நுனியில் அது ஒருபக்க விசையைக் கொடுத்து லிம்பை முறுக்கிவிடும். ஸ்ட்ரிங்கரின் இரண்டு முனையையும் நுனிகளில் மாட்டி, கயிற்றை மிதித்துக்கொண்டு பிடியை நேராக மேலே தூக்கினால் இரண்டு லிம்பும் ஒரே அளவில் வளையும். கழற்றிய பிறகு லிம்பின் முதுகுப் பக்கத்திலிருந்து கண்ணை ஓட்டி நுனிவரை நேராக இருக்கிறதா என்று பார்ப்பேன். பூட்டியிருக்கும்போதும் இதே சோதனை உண்டு: நாண் லிம்பின் நடுக்கோட்டில் விழ வேண்டும்.

அப்புறம் எங்கே வைப்பது. மூலையில் சாத்திவைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. அதைச் செய்யாதீர்கள். முழுப் பாரமும் கீழ் நுனியில் இறங்கும். சில மாதத்தில் கீழ் லிம்ப் முறுகியிருக்கும். சீமெந்துத் தரையின் ஈரமும் அந்த நுனி வழியாகத்தான் ஏறும். கழற்றிய லிம்புகளைத் துணி உறையில் போட்டு, மேலே பாரம் எதுவும் இல்லாமல், தட்டையாக, இடுப்பு உயரத்துத் தட்டில் வைக்கலாம். பரண் வேண்டாம். தகரமோ அஸ்பெஸ்ரஸோ போட்ட கூரைக்குக் கீழே நண்பகலில் ஏறுகிற சூடு லிம்பின் ஒட்டுப் பசையைத் தளர்த்தும். மூடிய காருக்குள்ளும் வேண்டவே வேண்டாம். வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் 60 பாகையைத் தாண்டும். பஞ்சணை வைத்த கடினமான பெட்டி பார்க்க அழகாக இருக்கும். பயணத்துக்கு அதுதான் சரி. மாரியில் மட்டும் அந்தப் பஞ்சணை ஈரத்தைப் பிடித்துவைத்து வில்லுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கும்.

கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிற மச்சானிடம் இருப்பது கொம்பவுண்ட் வில், அதாவது நுனிகளில் கப்பி வைத்த வில். அவன் பருவம் முடிந்து வில்லை உள்ளே வைக்கிற நேரம் நான் வெளியே எடுக்கிற நேரம். ஜனவரியில் இருவரும் வட்ஸ்அப்பில் பேசிக்கொள்வதில் பாதி இதுதான். "மச்சான், உனக்கு ஈரம் கூடிப்போச்சு எண்டு கவலை. நான் இஞ்சை அறைக்குள்ளை தண்ணி ஆவி விடுற மெசின் வாங்கியிருக்கிறன்" என்றான் ஒருமுறை. கொம்பவுண்ட் பற்றி ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது ஆளையே காயப்படுத்தக்கூடிய விஷயம். அதன் நாணைக் கையால் கழற்ற முடியாது, முயலவும் கூடாது. லிம்புகள் எப்போதும் பெரும் விசையில் நிற்கின்றன. அதை அடக்கிப் பிடிக்கத் தனி அழுத்தி வேண்டும். பூட்டியபடியே வைப்பதற்காகத்தான் அது செய்யப்பட்டிருக்கிறது. நீண்ட நாள் வைப்பதென்றால் லிம்ப் ஆணிகளை மேலும் கீழும் சம அளவில் சில சுற்றுத் தளர்த்தலாம். எத்தனை சுற்று என்பது அந்தந்த வில்லின் கைநூலில் இருக்கும்; அந்த எல்லையைத் தாண்டினால் லிம்ப் கழன்று பறக்கும். பிறகு திரும்பவும் அதே சுற்று இறுக்க வேண்டும் என்பதால், தளர்த்திய கணக்கை மச்சான் ஒட்டுத்தாளில் எழுதி வில்லிலேயே ஒட்டிவைக்கிறான்.

நாண் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல ஆசை. வில்லில் முதலில் சாகிறது அதுதான். ஆனால் கவனிப்பு குறைவாகக் கிடைக்கிறதும் அதற்குத்தான்.

நம் காட்டுக்கரைகளில், வன்னிப் பற்றைகளில், வாள்போல நிமிர்ந்து நிற்கிற மரல் செடியை எல்லோரும் கண்டிருப்போம். இலங்கைக்கு உரிய செடி. இந்த இனத்தின் நாரை உலகின் பல பக்கங்களிலும் வில்லின் நாணுக்குத்தான் திரித்திருக்கிறார்கள். நானும் ஒருமுறை மரல் இலையைச் சுரண்டி நார் எடுத்து, தொடையில் வைத்து உருட்டித் திரித்துப் பார்த்தேன். வெண்மையாக, மினுமினுப்பாக, வியக்கத்தக்க வலிமையோடு வந்தது. எந்த இயற்கை நாருக்கும் உள்ள குறைதான் அதற்கும்: ஈரம் பட்டால் நீளம் மாறும், காய்ந்தால் மறுபடி மாறும். நாணின் நீளம் மாறினால் வில்லின் குணமே மாறிவிடும். 45 இறாத்தல் வில்லில் அதைப் பூட்டிப் பார்க்க நான் துணியவில்லை. சிறுவர்கள் எய்கிற மெல்லிய மூங்கில் வில்லுக்கு அது அழகான நாண்.

என் ஹிக்கரிக்கு இருப்பது டேக்ரோன், அதாவது பொலியெஸ்ரர் இழை. கொஞ்சம் நீளும், அதனால் நாண் விடுகிற அதிர்ச்சியைத் தானே வாங்கிக்கொள்ளும். நுனி பலப்படுத்தாத பழைய வில்லுக்கும் மர வில்லுக்கும் அதுதான் பாதுகாப்பு. ரீகர்வுக்கு டைனீமா கலந்த நாண். அது மிக வலிமையானது, நீரைக் குடிக்காது. மாரிக்கு அது கவலையில்லை. அதற்கு எதிரி சூடு. ஏறக்குறைய 150 பாகையில் உருகிவிடுகிற இழை அது, ஆனால் பாரத்தோடு சூட்டில் இருந்தால் அதற்கு வெகு முன்பே மெல்ல மெல்ல நீளத் தொடங்கும். திரும்பச் சுருங்காது. ஆகவே டைனீமாவை நான் காப்பது மாரிக்கு இல்லை, தென்மேல் காற்று வீசுகிற சோளகக் காலத்துச் சூட்டுக்குத்தான்.

கழற்றிய நாணை முதலில் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு பருவம் முழுக்கப் பூசிய மெழுகோடு நம் செம்மண் புழுதியும் சேர்ந்து நாணுக்குள் ஏறியிருக்கும். அது அரத்தூள் வேலை செய்யும்; ஒவ்வொரு இழுப்பிலும் உள்ளிழையை அறுக்கும். ஒரு மெல்லிய நைலோன் நூலை நாணில் ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்தபடி நாண் வழியே மெதுவாக நகர்த்தினால் பழைய மெழுகும் அழுக்கும் கறுப்பாகப் பிதுங்கி வரும். இரண்டு மூன்று தடவை செய்தால் நாணின் சொந்த நிறம் தெரியும். பிறகு புதிய மெழுகு. நான் பாவிப்பது வன்னித் தேன்காரரிடம் வாங்குகிற தேன் மெழுகு, சிறிது குங்கிலியம் சேர்த்து உருக்கியது. தேன் மெழுகு 62 முதல் 64 பாகைவரை உருகாது, அதனால் நம் வெயிலுக்கும் தாங்கும். பூசிவிட்டு இரண்டு விரலால் அழுத்தி வேகமாக உருவ வேண்டும். விரற்சூட்டில் மெழுகு இளகி உள்ளே போகும். வெளியே கட்டியாக நின்றால் அது வேலைக்கு உதவாது, புழுதியைத்தான் கூப்பிடும். நடுவில் நூல் சுற்றியிருக்கிற இடத்துக்கும் இரண்டு முனைக் கண்ணிக்கும் மெழுகு பூச வேண்டாம்.

நாணைச் சுருட்டி வைக்கும்போது திரிவு அவிழ்ந்துவிடக் கூடாது. இரண்டு கண்ணியையும் ஒரு சிறு கயிற்றால் சேர்த்துக் கட்டிவிட்டுச் சுருட்டுங்கள். மூடி இறுகிய போத்தலுக்குள் வைப்பது நல்லது. ஏனென்றால் எலி. தேன் மெழுகு வாசத்துக்கு எலி வராமல் இருக்காது.

இரும்பைப் பற்றிச் சொல்ல எங்கள் குசினியே போதும். மாரியில் உப்புப் போத்தல் திறந்திருந்தால் உப்புக் கசிந்து நீராகிவிடும். காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுக்கத் தொடங்குகிறது. தொண்டைமானாற்றில் வாடை வீசும்போது கடலின் உப்பு யன்னற் கம்பி முதல் வில்லின் ஆணிவரை எல்லாவற்றிலும் மெல்லிய படலமாகப் படியும். இரவில் ஈரப்பதன் ஏறும்போது அந்தப் படலம் நனைந்துவிடும். அறைக்குள் ஒரு துளி மழை விழாமலே இரும்பு உப்புநீரில் ஊறிக்கிடக்கிற நிலைதான். கறள் பிடிப்பதில் வியப்பில்லை. ஆகவே துடைப்பது முதல், எண்ணெய் அதற்குப் பிறகு. உப்புக்கு மேலேயே எண்ணெய் பூசினால் உப்பு உள்ளேயே இருந்து வேலையைத் தொடரும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காயவிட்டு, தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி. வீட்டில் கைக்கு எட்டுவது நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும்தான், ஆனால் இரண்டும் வேண்டாம். நல்லெண்ணெய் நாட்பட்டால் பிசின்போல ஒட்டும். தேங்காயெண்ணெய் சிக்கல் வாடை அடிக்கும், எறும்பையும் அழைக்கும்.

வேட்டை அம்பின் அலகுகள் என்னிடம் இன்னும் இருக்கின்றன. ஒன்ராறியோவில் அலகு 22 மில்லிமீற்றருக்குக் குறையாத அகலம் இருக்க வேண்டும். அப்படியான அலகு, சவர அலகுபோல் தீட்டியது. இங்கே அவற்றுக்கு வேலை இல்லை. அம்பிலிருந்து கழற்றி, எண்ணெய் தோய்த்த துணியில் சுற்றி, தகரப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் வந்துபோவதால் திறப்பு என்னிடம்தான்.

அம்புகளைப் படுக்கவைத்துக் கட்டாகக் கட்டாதீர்கள், மர அம்பு என்றால் வளைந்துவிடும். நான் ஒரு மரச் சட்டத்தில் துளை போட்டு ஒவ்வொன்றையும் தனியாகச் செங்குத்தாக நிறுத்தியிருக்கிறேன். சட்டத்தின் கால்கள் நான்கும் தண்ணீர் ஊற்றிய சிரட்டைக்குள். கறையானுக்கும் எறும்புக்கும் நம் ஆட்கள் குசினி மேசைக்குச் செய்வதுதான். வான்கோழி இறகு ஒட்டிய அம்புகளுக்குப் பூச்சிப் பயம் அதிகம்; இறகைத் தின்கிற புழு ஒரே மாதத்தில் நரம்பை மட்டும் விட்டுவைக்கும். பூச்சி உருண்டை போட்டால் வரா, ஆனால் அதன் ஆவி சில வகைப் பிளாஸ்ரிக்கை இளக்கும், அம்பின் வாலில் நாணில் மாட்டுகிற நொக் பிளாஸ்ரிக்தான். நிழலில் உலர்த்திய வேப்பிலையைத் துணியில் முடிந்து வைத்து, மாதம் ஒருமுறை மாற்றுகிறேன். கார்பன் அம்பைப் பூச்சி தின்னாது, கறள் பிடிக்காது. அதை உள்ளே வைக்கிறபோதும் வெளியே எடுக்கிறபோதும் இரண்டு கையாலும் பிடித்துச் சிறிது வளைத்துக் காதருகில் வைத்துக் கேட்க வேண்டும். நொறுநொறு என்று ஏதாவது சத்தம் வந்தால் அந்த அம்பை இரண்டாக உடைத்து எறிந்துவிடுங்கள். வெடிப்புள்ள கார்பன் அம்பு எய்கிற கணத்தில் சிதறிப் பிடித்த கைக்குள்ளேயே ஏறும்.

தோல் கையுறை, கைக்காப்பு எல்லாவற்றிலும் பூஞ்சணம் பிடிக்கத்தான் செய்யும். வெயில் கண்ட நாளில் விறாந்தையில் போட்டெடுங்கள், போதும்.

மார்கழியில் மழை ஓய்கிற சில நாட்கள் வரும். அப்போது வில்லை வெளியே எடுத்து ஒரு பஞ்சுத் துண்டை லிம்பின் விளிம்பெல்லாம் மெதுவாகத் தடவிப் பார்ப்பேன். கண்ணுக்குத் தெரியாத சிம்பு எழும்பியிருந்தால் பஞ்சு அதில் சிக்கும். வாணிஷ் கீறியிருக்கிற இடத்தை அன்றைக்கே மறைப்பேன். ஈரம் உள்ளே போகிற வழி அதுதான். இந்தச் சோதனையில்தான் ரீகர்வின் மேல் லிம்பில் மயிரிழை அளவில் ஒரு பிரிவு தொடங்கியிருப்பதை ஒரு வருடம் பிடித்தேன். எய்துகொண்டிருந்திருந்தால் அது கையில் தெரிவதற்குள் லிம்ப் போயிருக்கும்.

தை பிறந்து, வளவில் கால் புதையாத அளவுக்குத் தரை இறுகிய பிறகுதான் நாண் பூட்டுவேன். பூட்டிய கையோடு எய்ய வேண்டாம். ஒரு மணி நேரம் அப்படியே இருக்கவிட்டு, பிடியின் ஆழமான இடத்திலிருந்து நாண்வரை உள்ள தூரத்தை அளக்க வேண்டும். என் ரீகர்வுக்கு அது 8 அங்குலம். குறைந்திருந்தால் நாணைக் கழற்றி இன்னும் சில முறுக்கு ஏற்றலாம். கூடியிருந்தால் முறுக்கைக் குறைக்கலாம். பிறகு பாதி இழுப்பு, முக்கால் இழுப்பு என்று அம்பில்லாமல் மெதுவாக இழுத்து, விட்டுவிடாமல் மெதுவாகவே திரும்பக் கொண்டுவருவேன். ஈரத்தில் கிடந்த மரத்துக்கு மட்டுமில்லை, மாரி முழுக்கச் சும்மா இருந்த தோளுக்கும் அது வேண்டும். அம்பில்லாமல் நாணை விடுவது மட்டும் எந்தக் காலத்திலும் கூடாது. அம்பு வாங்கிக்கொள்ள வேண்டிய விசை முழுதும் லிம்புக்குள் திரும்பி அதைப் பிளந்துவிடும். வில்லைப் பார்க்க வருகிற எல்லோரும் முதலில் செய்ய நினைப்பது அதுதான் என்பதால், கையில் கொடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

முதல் நாள் இலக்குக்கு ஐந்தாறு அடிக்குள் நின்று எய்வேன். புது நாண் என்றால் முதற்சில நாளில் இன்னும் கொஞ்சம் நீளும், அதனால் எய்து முடித்ததும் மறுபடி அளப்பேன். கால் அங்குலத்துக்கு மேல் மாறியிருந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்தி, நாணைத் திருத்தி, அடுத்த நாள் திரும்ப அளந்த பிறகுதான் பின்னுக்குப் போய் நிற்பேன்.